வெண்வால் மானும் புதிய வேட்டைக்காரரும்

அமெரிக்காவில் மான் வேட்டை என்றால் அது பெரும்பாலும் வெண்வால் மான் வேட்டைதான். கனடாவின் தெற்கிலிருந்து தென் அமெரிக்காவின் பெரு, பொலிவியா வரை பரவியிருக்கும் இந்த இனம், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே எல்லா மாநிலங்களிலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இறைச்சிச் சந்தைக்கும் தோல் வியாபாரத்துக்கும் கணக்குவழக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில், 1900 வாக்கில் நாடு முழுவதும் எஞ்சியவை சில லட்சங்களே என்று மதிப்பிடப்படுகிறது. இன்று அவை சுமார் 3 கோடி. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 லட்சம் மான்கள் உரிமத்தோடு வேட்டையாடப்பட்டும் இனம் குறையவில்லை.

இந்த மீட்சிக்குச் சட்டமும் பணமும் காரணம். சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டி விற்பதை 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், ரைஃபிள், ஷாட்கன், தோட்டா ஆகியவற்றின் மீது வசூலாகும் 11 சதவீத வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. வேட்டைக்காரர் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் மான் ஆராய்ச்சிக்கும் காட்டு நிலத்துக்கும் ஒரு பங்கு போகிறது. இதற்கிடையில் மானைத் தின்று வந்த ஓநாயும் மலைச்சிங்கமும் கிழக்கு மாநிலங்களில் அநேகமாக ஒழிந்துவிட்டன. மான் பெருகிய காடுகளில் இளம் மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை; தரைப்பூண்டுகள் மறைகின்றன; ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மானில் மோதுகின்றன. அதனால் பல மாநிலங்கள் வேட்டைக்காரரிடம் எதிர்பார்ப்பது கொம்புள்ள ஆணை அல்ல, பெண் மானை. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் இனத்தில் ஆணைக் குறைப்பதால் பிறப்பு குறையாது. முதல் ஆண்டு வேட்டைக்காரருக்குப் பெண் மான் ஏற்ற இலக்கு என்று அனுபவசாலிகள் சொல்வதன் பின்னணி இதுவே. இறைச்சியும் பெரும்பாலும் மிருதுவாக இருக்கும்.

புதியவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் ஏராளம்: காற்றைப் பார், அசையாதே, அவசரப்பட்டுத் தேடிப் போகாதே. இவற்றை வெறும் கட்டளைகளாக மனப்பாடம் செய்தவர் நெருக்கடியில் மறந்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் காரணம் மானின் மூக்கிலும் கண்ணிலும் நுரையீரலிலும் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டவருக்குக் கட்டளை தேவைப்படுவதில்லை.

துப்பாக்கி வாங்குவதற்கு முந்தைய வேலை உரிமம். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை இளையோருக்குக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் நியூயார்க், ஆண்டு 1949. இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோவொரு வடிவில் இந்தப் பயிற்சி உண்டு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். உரிமத்தோடு, கொல்லப்படும் ஒவ்வொரு மானுக்கும் ஓர் அடையாளச் சீட்டு. ஆணுக்கு ஒன்று, கொம்பில்லாததற்கு வேறொன்று. சுடும் நேரமும் வரையறுக்கப்பட்டதுதான்: பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை, சிலவற்றில் சூரியன் மறைந்ததுமே துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கான விலக்குகளில் ஒன்று. அங்கே வேலைக்குப் போயிருக்கும் தமிழர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இந்தியாவின் புள்ளிமானோ 1932 வாக்கில் டெக்சாஸில் கொண்டுபோய் விடப்பட்டு, பண்ணை வேலிகளைத் தாண்டிப் பெருகிவிட்டது. அங்கே அது அயல்நாட்டு விலங்கு; அதை வேட்டையாடப் பருவக் கட்டுப்பாடே இல்லை.

வெண்வால் மானின் முதல் காவல் மூக்கு. எப்போதும் ஈரமாக இருக்கும் மூக்குநுனி காற்றில் வரும் வாசனைத் துகள்களைப் பிடித்து வைக்கிறது. உள்ளே மடிப்பு மடிப்பான எலும்புகளின் மேல் விரிந்திருக்கும் மோப்பப் படலம் மனிதனுடையதைவிடப் பல மடங்கு பெரியது. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் பெரும்பாலும் வாசனையால்தான். பின்னங்கால் மூட்டின் உட்புறத்தில், குளம்புப் பிளவில், கண்ணோரத்தில், நெற்றியில் என்று உடம்பெங்கும் வாசனைச் சுரப்பிகள். ஆணா பெண்ணா, வலியதா எளியதா, சேர்க்கைக்குத் தயாரா என்பதையெல்லாம் இன்னொரு மான் மோந்தே தெரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட மூக்கிடம் மனித வாடையை மறைக்க முடியும் என்று சொல்லி விற்கப்படும் சோப்பும் தெளிப்பானும் கரித்துணியும் வேட்டைக் கடைகளில் அலமாரி அலமாரியாக உண்டு. மனிதத் தோல் ஒவ்வொரு நொடியும் செல்களை உதிர்க்கிறது, மூச்சு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. குளித்துவிட்டுப் போவது நல்லது, ஆனால் அந்தப் பணத்தைச் சேமித்துக் காற்றைக் கவனிப்பது அதைவிட நல்லது.

கவனிக்கும் முறை எளிது. உட்காரும் இடத்திலிருந்து மான் வரக்கூடிய பாதையை நோக்கிக் காற்று அடிக்கக் கூடாது. அந்தப் பாதையிலிருந்து வேட்டைக்காரரை நோக்கியோ, குறுக்காகவோ அடிக்க வேண்டும். திசை மாறினால் அந்த இடத்தை அன்றைக்கு விட்டுவிட்டு வேறு இடம் போவதே முறை. கிளம்பும் இடத்திலிருந்து உட்காரும் இடம் வரை நடந்துபோகும் வழிக்கும் இதே கணக்குதான். மரத்தில் கட்டிய பரணில் காற்று சரியாக இருந்து, போகும்போதே மான் படுத்திருக்கும் புதரின் மேல் வாடையை வீசிவிட்டால் அன்றைய வேட்டை தொடங்குமுன்பே முடிந்தது.

வானிலை அறிக்கை சொல்லும் காற்று மட்டும் போதாது. மேடுபள்ளமான நிலத்தில் வெப்பத்தால் எழும் இன்னொரு காற்றோட்டம் உண்டு. காலையில் வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று லேசாகி மேட்டை நோக்கி ஏறும். மாலையில் நிலம் குளிர, கனத்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். ஆகவே காலையில் மேட்டிலும் மாலையில் பள்ளத்திலும் அமர்வது பொது விதி. வேட்டைக்காரரின் வாடை கீழே இருக்கும் மானுக்குக் காலையிலும், மேலே இருக்கும் மானுக்கு மாலையிலும் எட்டாது. இந்த மெல்லிய ஓட்டத்தைக் கன்னத்தில் உணர முடியாது. அனுபவமுள்ளவர்கள் சட்டைப் பையில் மில்க்வீட் செடியின் விதைப்பஞ்சை வைத்திருப்பார்கள். நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. காயும் பஞ்சும் ஏறக்குறைய எருக்கைப் போலவே இருக்கும். ஓர் இழையைப் பிய்த்து ஊதிவிட்டால் மிதந்துகொண்டே போகும். பத்தடி தூரம் மேற்கே போவது சட்டென்று கீழே இறங்கி, ஓடையை ஒட்டித் தெற்கே திரும்பும். வாடை போகும் வழியும் அதுவே. காற்றைப் பார்க்கச் சிலர் தூவும் மாவுப்பொடி இரண்டடிக்குள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பஞ்சு 30, 40 மீட்டர் வரை தெரியும்.

கண் விஷயத்தில் மானுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு வேட்டைக்காரருக்குச் சாதகமானது. மனித விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள்; மானுக்கு இரண்டே. நீலத்துக்கு ஒன்று, பச்சையை ஒட்டிய அலைநீளத்துக்கு ஒன்று. சிவப்பைப் பிரித்தறியும் மூன்றாவது இல்லை. அதனால் வேட்டைக்காரர்கள் சட்டப்படி அணியும் ஒளிரும் ஆரஞ்சு உடை, மனிதக் கண்ணுக்கு ஒரு கிலோமீட்டரிலிருந்தே பளிச்சிட்டாலும் மானுக்கு மங்கலாகவே தெரியும். பென்சில்வேனியாவில் துப்பாக்கிப் பருவத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு கட்டாயம். புதர் அசைவதைப் பார்த்து இன்னொரு வேட்டைக்காரர் சுட்டுவிடாமல் காப்பது அந்த ஆடைதான். மான் பயந்துவிடும் என்று கழற்றி வைப்பது முட்டாள்தனம். உண்மையில் தவிர்க்க வேண்டியது நீல ஜீன்ஸ். நீலத்தையும் அதற்கப்பால் புற ஊதாவின் ஓரத்தையும் மான் மனிதனைவிட நன்றாகப் பார்க்கிறது. துணியை வெள்ளையாகக் காட்டும் ஒளியூட்டிகள் கலந்த சலவைத்தூள் புற ஊதாவை நீலமாக்கித் திருப்பி அனுப்புவதால், அந்தத் தூளில் துவைத்த உருமறைப்பு உடை விடியற்கால மங்கலில் மினுங்கும்.

கூர்மையில் மானின் பார்வை மனிதனுடையதைவிடக் குறைவு. அசையாமல் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருப்பவரை இருபது மீட்டரில் பார்த்தும் அது புல் மேய்வதைத் தொடரும். அசைவுக்கு அது வேறு விலங்கு. தலையின் இருபக்கமும் அமைந்த கண்கள் ஏறக்குறைய 300 பாகை வட்டத்தைக் காவல் காக்கின்றன; குறுக்குவாட்டில் நீண்ட கண்மணி தொடுவானம் முழுவதையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்கிறது. விழித்திரைக்குப் பின்னுள்ள பளபளப்பான படலம் ஒருமுறை கடந்த ஒளியை மீண்டும் திருப்பி அனுப்புவதால், மனிதனுக்கு இருட்டாக இருக்கும் நேரத்தில் மானுக்கு நடமாடப் போதுமான வெளிச்சம் உண்டு. துப்பாக்கியைத் தூக்குவதற்கு, மான் மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காதும் லேசானதல்ல: மனிதக் காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியும் அதற்குக் கேட்கும், இரண்டு காதுகளையும் தனித்தனியே திருப்பி ஒலி வந்த இடத்தைப் பிடித்துவிடும். காட்டில் கிளை முறிவது சாதாரணம். உலோகத்தில் உலோகம் படும் சத்தமும் ஜிப் இழுக்கும் சத்தமும் சாதாரணமல்ல.

இத்தனை காவலோடு இருக்கும் விலங்கைத் தேடி நடப்பதைவிட, அது வரும் இடத்தில் காத்திருப்பது புதியவருக்குப் பொருத்தம். வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது வேட்டைப் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கும் வேலை. மான் அசைபோடும் விலங்கு. நான்கு அறை இரைப்பை. விடியலிலும் அந்தியிலும் மேய்ந்து நிரப்பிக்கொண்டு, பகலில் மறைவான இடத்தில் படுத்து அசைபோடும். மேயும் இடம், படுக்கும் இடம், இரண்டையும் இணைக்கும் தடம் ஆகிய மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் ஒரு சதுர மைல் அளவுள்ள வட்டாரத்துக்குள்ளேயே ஒரு மான் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது.

தடயங்களைப் படிக்கப் பொறுமை போதும். கடிபட்ட ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால், முனை நார் நாராகக் கிழிந்திருக்கிறதா, கத்தியால் சாய்வாக நறுக்கியது போலிருக்கிறதா என்பது தெரியும். மானுக்கு மேல்தாடையில் வெட்டுப்பற்கள் இல்லை. கீழ்ப்பற்களால் பிடித்துத் தலையை வெட்டியிழுத்துக் கிழிக்கும். சுத்தமாக நறுக்கியிருந்தால் அது முயலின் வேலை. பளபளப்பான ஈரப் புழுக்கை அன்றையது. மங்கி வெடித்தது பழையது. உதிர்ந்த இலைகள் நீள்வட்டமாக அமுங்கிக் கிடந்தால் அங்கே மான் படுத்திருந்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் மானை இழுப்பது ஓக் மரக் கொட்டை. அதிலும் வெள்ளை ஓக் வகையின் கொட்டையில் துவர்ப்புத் தரும் டானின் குறைவு என்பதால் அதை முதலில் தேடும். சிவப்பு ஓக்கின் கொட்டையை அது தீர்ந்த பிறகுதான் தொடும். வெள்ளை ஓக்கின் இலை மடல்கள் உருண்டவை, சிவப்பு ஓக்குக்கு மடல் நுனியில் முள்போன்ற இழை நீட்டியிருக்கும். அக்டோபரில் கொட்டை உதிர்க்கும் வெள்ளை ஓக் ஒன்றைக் கண்டுபிடித்தவர், சோள வயலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரைவிட நல்ல இடத்தில் இருக்கிறார்.

நவம்பரில் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் கலையும். பகல் நீளம் குறைவதைக் கண் மூளைக்குச் சொல்ல, மெலடோனின் சுரப்பு மாறி, இனப்பெருக்க ஹார்மோன்கள் எழுகின்றன. குளிர் வந்ததால் சேர்க்கைக் காலம் வந்தது என்பது பலர் நம்பும் தவறு. குளிர் முந்தினாலும் பிந்தினாலும் பகல் நீளம் ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே அளவுதான், அதனால் வட மாநிலங்களில் உச்சம் எப்போதும் நவம்பர் நடுவை ஒட்டியே வருகிறது. கர்ப்ப காலம் சுமார் 200 நாள் என்பதால் குட்டிகள் மே இறுதியிலும் ஜூனிலும், புல் தழைத்திருக்கும்போது பிறக்கின்றன. தெற்கே, பனி நெருக்கடி இல்லாத தென் டெக்சாஸில் உச்சம் டிசம்பருக்குத் தள்ளிப்போகிறது. பெண் மான் சேர்க்கைக்கு இடம்கொடுப்பது ஏறக்குறைய ஒரு நாள் மட்டுமே. அப்போது கருவுறாவிட்டால் சுமார் நான்கு வாரம் கழித்து மீண்டும். அந்த ஒரு நாளைத் தவறவிடாமல் இருக்க ஆண் மான்கள் இரவு பகல் பாராமல் அலைகின்றன, எச்சரிக்கையைத் தளர்த்துகின்றன. கொம்பால் பட்டை உரித்த இளமரங்களும், தாழ்ந்த கிளைக்குக் கீழே குளம்பால் பறித்துச் சிறுநீர் கழித்த மண்திட்டுகளும் அப்போது கண்ணில் படும். ஆண்டில் நடுப்பகலிலும் பரணில் உட்கார்ந்திருப்பது பயன் தரும் காலம் இது ஒன்றே.

பரணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்க மான் வேட்டையில் ஆளைக் கொல்லும் பெரிய ஆபத்து அதுதான். துப்பாக்கி விபத்து அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஐந்தாறு மீட்டர் உயரத்தில் மரத்தில் கட்டிய சிறு இரும்புத் தட்டின் மேல் மணிக்கணக்கில், குளிரில், தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் விழுவதற்கு ஒரு கணம் போதும். பெரும்பாலான விபத்துகள் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும்போதும் நடக்கின்றன. உடல் முழுவதையும் பிடிக்கும் வாரை, தரையிலேயே அணிந்து, தரையிலிருந்தே உயிர்காப்புக் கயிற்றோடு இணைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே போனபின் மாட்டிக்கொள்ளலாம் என்பது விபத்தில் முடியும் நினைப்பு. வார் தாங்கினாலும் தொங்கிக்கொண்டே இருந்தால் கால்களின் சிரைகளில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், அது உயிருக்கே ஆபத்து. காலூன்றி எழ உதவும் கயிற்றுவளையம் வாரோடு இருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் கீழ்நோக்கி இருக்கக் கயிற்றில் கட்டி, ஏறி அமர்ந்தபின் மேலே இழுத்துக்கொள்ளலாம். எங்கே உட்காரப் போகிறார், எப்போது திரும்புவார் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதில் செலவு எதுவும் இல்லை.

எந்தத் துப்பாக்கி என்ற விவாதத்துக்கு வேட்டைக்காரர்கள் ஒதுக்கும் நேரத்தில் பாதியைச் சுடும் பயிற்சிக்கு ஒதுக்கினால் காயம்பட்டுத் தப்பும் மான்கள் குறையும். 1890-களில் வந்த .30-30, 1906-இன் .30-06, 1952-இன் .308 வின்செஸ்டர், அதைச் சுருக்கி 1955-இல் வந்த .243 எல்லாமே இந்த மானுக்குத் தாராளம். உதைப்பு அதிகமான துப்பாக்கியை எடுத்த புதியவர் இரண்டாவது வேட்டுக்குள் கண்ணை மூடி விசையை வெடுக்கென்று இழுக்கப் பழகிவிடுவார்; அந்தப் பழக்கம் போக ஆண்டுகள் ஆகும். .243 போன்ற மென்மையானதே தொடக்கத்துக்கு நல்லது. சமநிலமும் குடியிருப்பும் மிகுந்த சில மாநிலங்களில் சாதாரண மான் ரைஃபிளே கூடாது. ஓஹையோவில் ஷாட்கன், நேர்ச்சுவர்த் தோட்டா ரைஃபிள் போன்ற குறுந்தூர ஆயுதங்களுக்கே அனுமதி. துப்பாக்கி எதுவானாலும் 100 யார்டில், சுமார் 90 மீட்டரில், குறி சரிபார்த்துக்கொண்டு, பிறகு மண்டியிட்டும் உட்கார்ந்தும் மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பார்க்க வேண்டும். மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடும் வசதி காட்டில் கிடைக்காது. காதுக் காப்பு கட்டாயம். ஒரே வேட்டின் ஓசையே 140 டெசிபலைத் தாண்டும்.

வில்லாளிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நொடிக்கு 85 மீட்டர் பாயும் நல்ல அம்பு 20 யார்டைக் கடக்க 0.21 நொடி எடுக்கும். நாண் அதிரும் ஓசை 0.05 நொடியில் மானை எட்டிவிடும். அதாவது அம்பு படுமுன் மானுக்கு 0.16 நொடி அவகாசம். 40 யார்டில் அது 0.32 நொடி. பாய்ந்தோட மான் முதலில் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அதற்குள் அம்பு முதுகுக்கு மேலே போயிருக்கும், அல்லது மோசமான இடத்தில் தைத்திருக்கும். ஆகவே புதிய வில்லாளிக்கு 20 யார்டே எல்லை. ரைஃபிளில் இந்தத் தொல்லை இல்லை, குண்டு ஒலியை முந்திவிடும்.

சுட வேண்டிய இடம் ஒன்றே: முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேலே, இதயமும் இரு நுரையீரலும் அடங்கிய சுமார் 20 சென்டிமீட்டர் வட்டம். மான் பக்கவாட்டில் நிற்கும்போதும், பின்புறத்தை லேசாகத் திருப்பிச் சாய்ந்து நிற்கும்போதும் இந்த வட்டத்துக்கு வழி திறந்திருக்கும். தலையைக் குறிவைப்பது திரைப்படத்துக்குச் சரி. மூளை சிறியது, தலை ஓயாமல் அசைவது; தாடை உடைந்த மான் பட்டினியால் நாள்கணக்கில் சாகும். மேட்டின் உச்சியில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடவே கூடாது, தவறிய குண்டு மறுபக்கம் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு துப்பாக்கியும் தோட்டா நிரம்பியது என்றே கருதுவது, குழலைப் பாதுகாப்பான திசையில் வைப்பது, சுடும் கணம் வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிவது என்ற நான்கு விதிகளில் காட்டில் அதிகம் மீறப்படுவது கடைசியானதே. முதல் மானைப் பார்த்ததும் அட்ரினலின் பாய்ந்து கை நடுங்கும், மூச்சு வாங்கும். சுட மறந்து, சுடாத தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தரையில் தள்ளியவர்களும் உண்டு. நடுக்கம் அடங்காவிட்டால் அந்த மானை விட்டுவிடுவதுதான் சரி.

இரு நுரையீரலும் துளைபட்டால் ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கு உயிர்வளி நின்று, பத்துப் பதினைந்து நொடிகளில் மான் நினைவிழக்கும். அந்தப் பத்து நொடியில் அது நூறு மீட்டர் ஓடிவிடும். எனவே சுட்டதும் ஓடிய மானைத் தவறவிட்டதாக நினைத்துப் புதியவர் வீடு திரும்பக் கூடாது; பின்னாலேயே ஓடவும் கூடாது. நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் ஒரு மரத்தையோ பாறையையோ வைத்துக் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் அசையாமல் இருந்து, பிறகு இறங்கிப் போய்த் தரையைப் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும் ரத்தம் நுரையீரலுடையது. மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையும் பழுப்புமாக நாற்றத்தோடு இருந்தால் குண்டு இரைப்பையிலோ குடலிலோ பட்டிருக்கிறது. அங்கே பெரிய ரத்தக்குழாய் அறுபடாததால் சாவு மெதுவாக வரும். அப்படிக் காயம்பட்ட மான் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் படுத்துவிடும். துரத்தினால் எழுந்து கிலோமீட்டர் கணக்கில் போய்த் தொலையும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிட்டுத் தேடுவதே வழக்கம். பல மாநிலங்களில் பழக்கிய நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தடம் தேட அனுமதி உண்டு. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுப் போவது பல மாநிலங்களில் குற்றம்.

செத்த மானின் உடல் 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் நுண்ணுயிர் பெருகும். வயிற்றைத் திறந்து குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றைக் கிழிக்காமல் அங்கேயே வெளியேற்றிவிடுவது இதற்காகத்தான். குளிர்கால ரோமம் உள்ளே வெற்றிடமுள்ளது, கம்பளிபோல் சூட்டை உள்ளே அடைத்துவைக்கும். வெயில் நாளில் தோலையும் உடனே உரித்துவிட வேண்டும். இறைச்சி 4 பாகைக்குக் கீழே போனால் பயமில்லை. ஆனால் தசை விறைத்து மீண்டும் தளருமுன் எலும்பிலிருந்து அறுத்தெடுத்தால் நார்கள் சுருங்கி மெல்ல முடியாததாகிவிடும். ஓரிரு நாள் குளிரில் தொங்கவிடுவது இதனால்தான். கொத்திய மான் இறைச்சியை உள்ளே 71 பாகை எட்டும்வரை சமைப்பது பாதுகாப்பு.

ஈயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து ஒரு சாணுக்கும் அப்பால் போகும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத்துகள் இருந்தது எக்ஸ்-ரே படங்களில் தெரிந்து பெரும் சலசலப்பு எழுந்தது. காட்டில் விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அதுவே நஞ்சு. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாகத் தடை செய்துவிட்டது. விலை சற்று அதிகமானாலும் சிதறாத செப்புக் குண்டு புதியவருக்கு முதல் தேர்வாக இருக்கலாம்.

இன்னொரு கவலை மானின் நாள்பட்ட நலிவு நோய். 1967-இல் கொலராடோவின் ஆய்வுப் பட்டியொன்றில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. அது மூளையைப் பஞ்சுபோல் துளைக்கும் நோய் என்பதை 1978-இல் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை நோயியலாளர் கண்டறிந்தார். காரணம் கிருமி அல்ல, பிரையான் எனும் தவறாக மடிந்த புரதம். சமைத்தாலும் அழியாது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை; ஆனாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நோய் உள்ள வட்டாரத்தில் தொண்டைப் பகுதி நிணநீர்க் கணுக்களைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாக வைக்க வேண்டும். மூளையையும் முதுகெலும்பையும் வேறு பகுதிக்கு எடுத்துச்செல்லத் தடை உண்டு. மானைவிட்டு இறங்கி மனிதரைப் பிடிக்கும் உண்ணிகளையும் மறந்துவிடக் கூடாது. கருங்கால் உண்ணி லைம் நோயைத் தரும். முதுகில் ஒற்றைப் புள்ளியுள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்த சிலருக்கு, பாலூட்டிகளின் இறைச்சி எதைத் தின்றாலும் ஒவ்வாமை வந்துவிடுகிறது. மான் வேட்டைக்காரருக்கு இதைவிடக் கசப்பான நோய் கிடையாது.

கொன்ற மானின் வயதைக் கொம்பின் கிளைகளை எண்ணிச் சொல்ல முடியாது. நல்ல தீனி கிடைத்த ஒன்றரை வயது ஆணுக்கே எட்டுக் கிளை இருக்கலாம். கொம்பு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உதிர்ந்து புதிதாக முளைப்பது. வயது இருப்பது தாடையில். கீழ்வரிசையின் மூன்றாவது முன்கடைவாய்ப்பல் குட்டியில் மூன்று முகடுகளோடு இருக்கும். சுமார் 18 மாதத்தில் அது விழுந்து இரண்டு முகடுள்ள பல் முளைக்கும். குட்டிகள் ஜூனை ஒட்டியே பிறப்பதால் நவம்பரில் கொல்லப்படும் மான்களின் வயது 6, 18, 30 மாதங்கள் என்று தெளிவாகப் பிரிந்துவிடும். அதற்கு மேற்பட்ட வயதைப் பல் தேய்மானத்தால் கணிக்கும் முறையை 1949-இல் வெளியிட்டவர் நியூயார்க்கின் உயிரியலாளர் செவரிங்ஹாஸ். வேட்டைக்காரர் தன் மானைத் தொலைபேசியிலோ செயலியிலோ பதிவு செய்வது பல மாநிலங்களில் சட்டக் கடமை. சில இடங்களில் தாடையைக் காட்டவும் வேண்டியிருக்கும். அந்தப் பதிவுகளையும் பற்களையும் வைத்துத்தான் எந்த மாவட்டத்தில் மான் கூடியிருக்கிறது, அடுத்த ஆண்டு அங்கே எத்தனை பெண் மான் சீட்டுகள் கொடுக்கலாம் என்பதை மாநிலத் துறைகள் முடிவு செய்கின்றன.